அந்த நாய் என்ன வேலை செய்யப்போகிறது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. கடை, பார்க்கிங், பூங்கா என்று எங்கே போனாலும் கையை உதறிவிட்டு ஓடுகிறான். தெரிந்த ஒரு குடும்பம் தங்கள் குழந்தைக்குச் சேவை நாய் வைத்திருக்கிறது. நாங்களும் வாங்கலாமா? எவ்வளவு செலவாகும்? பள்ளிக்குக் கூட அனுப்ப முடியுமா? வருடத்துக்கு ஒரு முறை சென்னைக்கு வருவோம், அப்போது நாயை என்ன செய்வது?

பதில்:

உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் பட்டது ‘கையை உதறிவிட்டு ஓடுகிறான்’ என்ற வரி. நாய் வேண்டும் என்று விசாரிக்கும் பெற்றோரில் பலர் ‘பையனுக்குத் துணையாக இருக்கும்’, ‘கொஞ்சம் அமைதியாவான்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு நல்ல சுபாவமுள்ள வீட்டு நாயே போதும். நீங்கள் ஒரு வேலையைச் சொல்லியிருக்கிறீர்கள்: ஓடுவதைத் தடுப்பது. சேவை நாய் விஷயத்தில் சட்டம், செலவு, பள்ளி எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்: அந்த நாய் என்ன வேலை செய்யப்போகிறது? சேவை நாய் ஆகவேண்டிய குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி என்பதால், கீழே எழுதுவதில் ஒரு பங்கு படித்தது, ஒரு பங்கு பார்த்தது.

இப்படி ஓடுவது உங்கள் பையன் மட்டும் அல்ல. 2012-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைக் கேட்டது. நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது ஓட முயன்ற பிள்ளைகள் 49 சதவீதம். பெற்றோர் பதறும் அளவுக்குக் காணாமல் போனவர்கள் 26 சதவீதம். அப்படிப் போனவர்களில் 65 சதவீதம் பேர் வண்டியில் அடிபடும் ஆபத்திலும், 24 சதவீதம் பேர் தண்ணீரில் மூழ்கும் ஆபத்திலும் இருந்தவர்கள். வளர்ப்பு சரியில்லை என்று ஊர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த ஓட்டத்துக்கு நாயைப் பயன்படுத்துவது ஒன்றும் பழைய வழக்கம் இல்லை. பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்று முறையாக நாய் பழக்க ஆரம்பித்தது 1990-களின் பிற்பகுதியில்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 1996-இல் தொடங்கிய ‘நேஷனல் சர்வீஸ் டாக்ஸ்’ அதில் முன்னோடி. அவர்கள் கையாண்ட முறையே பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. குழந்தையின் இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து ஒரு வார் நாயின் மேலங்கிக்குப் போகும். நாயின் இன்னொரு வார் அம்மா அல்லது அப்பா கையில். குழந்தை திமிறி ஓடப் பார்த்தால், நாய் அப்படியே நின்றுவிடும், அல்லது படுத்துவிடும். லாப்ரடார் ஒன்று 25, 30 கிலோ இருக்கும். இருபது கிலோ குழந்தையால் அதை நகர்த்த முடியாது. அந்தச் சில நொடிக்குள் நீங்கள் கையைப் பிடித்துவிடலாம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நாய்க்குக் கட்டளை கொடுப்பது நீங்கள், குழந்தை அல்ல. நாய், குழந்தை, பெரியவர் என்று மூன்று பேரும் சேர்ந்ததுதான் ஓர் அணி. பெரியவர் கூட இல்லாமல் குழந்தையை நாயோடு கட்டி அனுப்புவது இரண்டு உயிருக்கும் ஆபத்து. சில நிறுவனங்கள் இப்படிக் கட்டுவதையே ஏற்பதில்லை. அவர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது: நாய் மிரண்டு இழுத்தால் கட்டுண்டிருப்பது குழந்தை.

இரண்டாவது, கணக்கு. உங்கள் பையனுக்கு இப்போது ஏழு வயது. நல்ல நிறுவனங்களில் காத்திருப்பு இரண்டு, மூன்று ஆண்டுகள், சிலவற்றில் அதற்கும் மேல். நாய் கைக்கு வரும்போது அவன் பத்து வயதைத் தொட்டிருப்பான், எடை நாயின் எடையைத் தாண்டியிருக்கும். கட்டி நிறுத்தும் வேலை நாய் வரும் முன்பே காலாவதியாகிவிடலாம். அதனால் ஏழு வயதுப் பையனுக்கு எது வேண்டும் என்று யோசிக்காதீர்கள். பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை எது தேவைப்படும் என்று யோசியுங்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டியதும் அதுதான்.

கட்டி நிறுத்துவது போக இந்த நாய்களுக்கு வேறு வேலைகள் உண்டு. மோப்பம் பிடித்துக் காணாமல் போன குழந்தையைத் தேடுவது ஒன்று. ஓஹாயோ மாநிலம் ஜீனியாவில் இருக்கும் ‘4 பாஸ் ஃபார் எபிலிட்டி’ இப்படிப் பழக்கிய நாய்களைக் குழந்தைகளுக்குத் தருகிறது. (அதை 1998-இல் தொடங்கிய கேரன் ஷர்க், தசைச் சோர்வு நோய் உள்ளவர். தனக்கு நாய் தர நிறுவனங்கள் மறுத்ததால் தானே ஒரு நிறுவனம் தொடங்கியவர்.) ஆனால் தேடும் பயிற்சி விடாமல் செய்துகொண்டிருந்தால்தான் நிற்கும். பையனை எங்காவது ஒளிந்திருக்கச் சொல்லி, நாயை விட்டுத் தேடச் சொல்லி, வாராவாரம் விளையாட்டாகப் பழக்க உங்களுக்கு நேரம் இருக்குமா என்று பாருங்கள். வேறு வேலைகளும் இருக்கின்றன. சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் குழந்தை அலறித் துடிக்கும்போது கட்டளை கேட்டு மடியில் ஏறிப் படுத்து எடையால் அழுத்துவது. தன்னையே அடித்துக்கொள்ளும் கையை மூக்கால் தட்டி நிறுத்துவது. ராத்திரி எழுந்து வாசல் பக்கம் போனால் பெரியவர்களை எழுப்புவது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இவைதான் உதவுகின்றன.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? ஆய்வுகள் உண்டு, சிறியவை. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2010-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் வெளியிட்டது. கியூபெக்கின் ‘மிரா’ அறக்கட்டளை தந்த நாய்களோடு 42 ஆட்டிசக் குழந்தைகளைக் கவனித்தார்கள். காலையில் விழித்த அரை மணி நேரத்தில் நம் எல்லோருக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அந்தக் குழந்தைகளின் எச்சிலில் அளந்தபோது நாய் வருவதற்கு முன் ஏற்றம் 58 சதவீதம், நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம். நாயைச் சிறிது காலத்துக்கு விலக்கியதும் 48 சதவீதம் என்று மறுபடி ஏறியது. பெற்றோர் எண்ணிக் கணக்கிட்ட தொந்தரவான நடத்தைகளும் 33-லிருந்து 25 ஆகக் குறைந்தன. ஆனால் நாள் முழுவதற்குமான கார்ட்டிசால் சராசரியில் மாற்றம் இல்லை. ‘நாய் வந்தால் மன அழுத்தம் போய்விடும்’ என்று இதை விளம்பரத்தில் போடுகிறவர்கள் அந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

எனக்கு அதைவிடப் பயனாகத் தெரிவது, 2008-இல் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்துக் கனடியக் குடும்பங்களோடு செய்த நேர்காணல் ஆய்வு. அங்கே பெற்றோர் பேசியது பெரும்பாலும் தங்களைப் பற்றி: ராத்திரி தூங்க முடிகிறது, குடும்பமாக வெளியே போக முடிகிறது, கடையில் பையன் தரையில் உருண்டால் சுற்றியிருப்பவர்கள் முறைப்பதற்குப் பதில் வந்து பேசுகிறார்கள். நாய் ஆட்டிசத்தை மாற்றவில்லை. வீட்டில் பூட்டிக் கிடந்த குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

அதே குழு நாய்களின் நிலையையும் பார்த்தது. அந்தப் பகுதியைப் பெற்றோர் படிக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். வேலை முடிந்ததும் ஓய்வு கிடைக்காத நாய்கள், குழந்தை தெரியாமல் கிள்ளுவதையும் மேலே விழுவதையும் தாங்கிக்கொண்டிருந்த நாய்கள், ஓடி விளையாட நேரமே இல்லாத நாய்கள் இருந்தன. நாய்க்குக் களைப்பு வந்தால் முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், உதட்டை நக்கும். அதைப் பார்த்ததும் மேலங்கியைக் கழற்றிவிட்டு வேறு அறைக்கு அனுப்பத் தெரிய வேண்டும். ஏற்கெனவே ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி என்று ஓடிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, பார்த்துக்கொள்ள இன்னொரு உயிர் வருகிறது. வேலை குறையும் என்று எதிர்பார்த்து நாய் கேட்காதீர்கள், முதல் வருடம் கூடத்தான் செய்யும்.

சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1990-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம்தான் அடிப்படை. 2011 மார்ச்சில் அமலுக்கு வந்த திருத்திய விதிகளின்படி, ஊனத்தோடு தொடர்புள்ள ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கப்பட்ட நாய்தான் சேவை நாய். பக்கத்தில் இருப்பதே ஆறுதல் என்றால் அது போதாது. கடைக்காரரோ ஓட்டல்காரரோ உங்களிடம் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: இது ஊனம் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது? சான்றிதழ் கேட்கக்கூடாது, செய்து காட்டச் சொல்லக்கூடாது. ‘எனக்கு நாய் அலர்ஜி’, ‘எனக்குப் பயம்’ என்பதும் மறுக்கக் காரணம் ஆகாது. ஆனால் நாய் அடங்காமல் குரைத்தாலோ, உள்ளே அசுத்தம் செய்தாலோ வெளியே போகச் சொல்லலாம். அரசாங்கப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. ஆன்லைனில் அறுபது டாலருக்கும் நூறு டாலருக்கும் விற்கிற அட்டையும் ‘பதிவு எண்’ணும் வெறும் காகிதம். வாடகை வீட்டுக்கு வேறு சட்டம். அங்கே ஆறுதலுக்காக வைத்திருக்கும் நாய்க்கும் இடம் உண்டு, தகுந்த மருத்துவக் கடிதம் இருந்தால் போதும். விமானத்தில் 2021 ஜனவரி முதல் ஆறுதல் நாய்களை ஏற்றும் கட்டாயம் நீங்கிவிட்டது, பயிற்சி பெற்ற சேவை நாய்க்கு மட்டும் உரிமை.

பள்ளி விஷயம் கொஞ்சம் சிக்கல். இதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். மிச்சிகனில் பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமி, வொண்டர் என்ற கோல்டன்டூடில் நாயோடு பள்ளிக்கு வர விரும்பினாள். கதவு திறப்பது, விழுந்ததை எடுத்துக் கொடுப்பது எல்லாம் வொண்டருக்குத் தெரியும். பள்ளி மறுத்தது. ஏற்கெனவே ஒரு உதவியாளர் கொடுத்திருக்கிறோம், நாய் எதற்கு என்றது. சிறப்புக் கல்விச் சட்டத்தின் நடைமுறைகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 பிப்ரவரியில் நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பு ஒரு எளிய சோதனையைத் தந்தது: இதே மறுப்பு ஒரு நூலகத்தில் நடந்திருந்தால் வழக்குப் போட முடியுமா? இதே பள்ளிக்கு வந்த ஒரு பெரியவருக்கு நடந்திருந்தால் போட முடியுமா? முடியும் என்றால் அது கல்வியின் தரம் பற்றிய வழக்காக இருக்க வாய்ப்பில்லை. சமமாக நடத்தவில்லை என்ற வழக்கு, நேராக நீதிமன்றம் வரலாம். உங்களுக்கு இதன் பொருள், ‘ஐஇபியில் (பிள்ளைக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில்) எழுதினால்தான் நாய் வரலாம்’ என்று பள்ளி சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடாது.

இந்த வழக்கைக் காட்டி, ‘சட்டம் நம் பக்கம்’ என்று பள்ளியில் போய்ச் சண்டை போடச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். வேறொரு தடை இருக்கிறது: பள்ளி ஊழியர்கள் நாயைப் பராமரிக்கவோ கையாளவோ கடமைப்பட்டவர்கள் அல்ல. அந்தச் சிறுமிக்குச் சிரமம் உடல் அசைவில்தான், உங்கள் பையனுக்குப் பேச்சு குறைவு. அவனால் கட்டளை கொடுக்க முடியாதபோது வகுப்பில் வாரை யார் பிடிப்பது? சின்னச் சின்ன உதவிகளை, வாரைக் கோத்துவிடுவது போன்றவற்றை, பள்ளி செய்து தர வேண்டும் என்று மத்திய நீதித் துறையே நியூயார்க் மாநிலத்து ஒரு பள்ளி மாவட்டத்தின் மேல் 2015-இல் வழக்குத் தொடுத்தது உண்டு. ஆனாலும் நடைமுறையில் முதல் ஒரு வருடமாவது நாய் வீட்டோடும் வெளியிடங்களோடும் இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். பள்ளியில் மாட்டிக்கொண்ட மூன்று பேரில் அதிகம் திண்டாடுவது நாயாகத்தான் இருக்கும்.

செலவு. ஒரு நாயைப் பிறப்பிலிருந்து வேலைக்குத் தயார் செய்ய நிறுவனத்துக்கு ஆகும் செலவு இருபதாயிரம் டாலருக்குக் குறையாது, பலர் சொல்வது அதில் இரண்டு மடங்கு. குட்டி எட்டு வாரத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வரும். ஒன்றரை வயதுவாக்கில் திரும்பப் போகும். பிறகு ஆறு மாதத்துக்கும் மேல் தொழில்முறைப் பயிற்சி. கடைசியில் குடும்பமே போய்த் தங்கிப் பழகும் இரண்டு வாரம். தொடங்கிய குட்டிகளில் ஏறக்குறையப் பாதி தேறுவதில்லை. இடுப்பு மூட்டுக் கோளாறு, சத்தத்துக்குப் பயம், அணில் கண்டால் ஓட்டம் என்று காரணங்கள் பல. இந்தச் செலவை யார் தாங்குவது என்பதில் நிறுவனங்கள் வேறுபடும். 1975-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘கேனைன் கம்பேனியன்ஸ்’ நாயை இலவசமாகத் தருகிறது. அதன் வடகிழக்கு மையம் லாங் ஐலண்டில் மெட்ஃபோர்டில் இருக்கிறது, உங்களுக்குப் போய்வரும் தூரம்தான். ஓட்டத்தைத் தடுக்கும் நாய் தருவார்களா என்பதை மட்டும் முதல் ஃபோனிலேயே கேளுங்கள். சில இடங்களில் குடும்பமே நன்கொடை திரட்ட வேண்டும். நியூ ஜெர்சிக்காரர்கள் எல்லோரும் கேட்கும் ‘தி சீயிங் ஐ’, மாரிஸ்டவுனில் பக்கத்திலேயே இருந்தாலும், பார்வையற்றோருக்கான நாய்கள் மட்டும்தான் தருகிறது. மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குப் பணம் தராது. வருமான வரியில் மருத்துவச் செலவாக நாயின் விலை, பயிற்சி, உணவு, வைத்தியம் எல்லாவற்றையும் காட்டலாம், வரித் துறையின் 502-ஆம் வெளியீட்டில் இருக்கிறது. உங்கள் வரிக் கணக்காளருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்புண்டு.

ஏமாற்றுக்காரர்கள் இந்தத் துறையில் தாராளமாக உலவுகிறார்கள். வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் 2018-இல் ஒரு நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், 18,000 முதல் 27,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு பயிற்சியே இல்லாத குட்டிகளைச் சேவை நாய் என்று கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. ‘மூன்று மாதத்தில் தருகிறோம்’, ‘எட்டு வாரக் குட்டியாகவே அனுப்புகிறோம், பயிற்சியாளர் வந்து பழக்குவார்’ என்று யாராவது சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். ‘அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல்’ அங்கீகாரம் இருக்கிறதா, நாய் சரிப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எட்டு பத்து வருடம் கழித்து ஓய்வு பெறும்போது என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பையனைப் பார்க்காமலே சரி சொல்லும் இடமும் வேண்டாம்.

வீட்டு விஷயம். நம்மவர் வீடுகளில் இது உடைவது பெரும்பாலும் பணத்தால் அல்ல. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பாட்டி ‘நாய் நடுவீட்டுக்கு வரக் கூடாது’ என்பார். சேவை நாயைக் கராஜில் கட்டிப் போட முடியாது, அது பையனின் கட்டில் அருகே தூங்கும். பூஜை அறைக்குக் குட்டிக் கதவு போட்டுக்கொள்ளலாம், நாய் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். பெரியவர்கள்தான் நேரம் எடுப்பார்கள். சைவ வீடு என்றால் நாய்க்கு மூட்டையில் வரும் உலர் உணவு போதும், சமையலறைக்குள் கவிச்சி வராது. பலர் வெளியே சொல்லாத ஒன்று, பெற்றோரின் சொந்தப் பயம். சின்ன வயதில் தெருநாய் துரத்திய நினைவு உங்களில் ஒருவருக்கு இருந்தால், வாரைப் பிடிக்கப்போவது அவராக இருக்க வேண்டாம். இல்லை என்றால் நாய்க்கு அது உடனே தெரிந்துவிடும்.

பையனுக்கு நாய் பிடிக்குமா என்பதை இப்போதே பாருங்கள். குரைப்புச் சத்தம் தாங்காத குழந்தைகள் உண்டு, ஈர மூக்கு பட்டாலே துடிக்கும் குழந்தைகள் உண்டு. நூலகங்களுக்கு வரும் சிகிச்சை நாய்களிடம் சில தடவை கூட்டிப்போய்ப் பாருங்கள். ஒத்துவந்து, ஆனால் சேவை நாய் தேவைப்படும் அளவுக்கு வேலை இல்லை என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன தேறாத நாய்களை நிறுவனங்கள் வீட்டு நாயாகத் தத்துக் கொடுக்கின்றன. அணிலைத் துரத்தும் குற்றம் தவிர வேறு குறை இல்லாத, பழகிய, பொறுமையான நாய்கள். 2012-இல் பிரான்ஸில் மரீன் கிராண்ட்ஜார்ஜ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குப் பிறகு வீட்டுக்குச் செல்லப்பிராணி வந்த ஆட்டிசக் குழந்தைகளிடம், பகிர்ந்துகொள்வதும் மற்றவரைத் தேற்றுவதும் கூடியிருந்தன. அவை வெறும் வீட்டுப் பிராணிகள்தான்.

நாய்க்கு விண்ணப்பித்துவிட்டு அது வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பையன் ஓடுவது இன்றைக்கு. வாசல், பின்கதவு எல்லாவற்றுக்கும் அலாரம், கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், உடையில் தைத்துவிடும் ஜிபிஎஸ், காவல் நிலையத்தில் அவன் படமும் விவரமும், எல்லாவற்றுக்கும் மேலாக நீச்சல். தண்ணீரைக் கண்டால் போகும் பிள்ளைக்கு நீச்சலைவிட அவசரமான பயிற்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகச் சென்னைப் பயணம். நாயை விட்டுவிட்டு வாருங்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றிருக்கிறது. ஆனால் அமெரிக்கச் சட்டம்போல நாயோடு எந்தக் கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் நுழையும் உரிமையை விரித்துச் சொல்லவில்லை. தெருவில் இறங்கினால் நான்கு நாய்கள் சூழ்ந்துகொள்ளும். சண்டை போடத் தெரியாமல் வளர்க்கப்பட்ட லாப்ரடார் பையனை விட்டுவிட்டு உங்கள் பின்னால் ஒளியும். திரும்பி வருவதும் லேசில்லை: வெறிநாய்க்கடி நோய் அதிகமுள்ள நாடாக இந்தியாவை அமெரிக்கா வகைப்படுத்தியிருப்பதால், 2024 ஆகஸ்ட் முதல் மைக்ரோசிப், அரசு கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட தடுப்பூசிப் படிவம் என்று கிளம்பும் முன்பே எல்லாம் முடித்திருக்க வேண்டும். தடுப்பூசியைத் தவறாமல் போட்டு, நாயைக் குட்டியாக வளர்த்த தன்னார்வலரிடமே அந்த நான்கு வாரமும் விட்டுவிடலாம். நிறுவனத்திடம் கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள், எங்களில் பலர் கேட்பதற்குள் சரி என்று சொல்லிவிடுவோம். சென்னையில் பையன் கையை நீங்கள்தான் பிடித்திருக்க வேண்டும், அதற்கு ஒரு மணிக்கட்டு வாரும், அவன் சட்டையில் உள்ளூர் எண் எழுதிய பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.